உலகம் குடிவந்த வளவு

பர்மாத் தேக்கு, ஜப்பானியப் பூ ஓடு, சுவீடன் பீங்கான் பூச்சுப் பாத்திரம், ஆத்தங்குடி வண்ணத் தரை... எங்கெங்கோ பிறந்த பொருள்களை ஒரே கூரைக்குள் உட்காரவைத்த செட்டிநாட்டு வீடுகள், இன்று வீடு கட்டுகிறவர்களுக்குக் கற்றுத்தரும் துணிச்சல்.

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டின் முகப்பில் நின்று உள்ளே பாருங்கள். வாசல் நிலை பர்மாத் தேக்கு. அடுக்கடுக்காகக் கொடி, பூ, கிளி, நடுவில் கஜலட்சுமி. தூணும் பர்மாத் தேக்குதான். ஒருவர் கட்டிப்பிடித்தால் இரண்டு கையும் தொட்டுக்கொள்ளாத பருமன். காலுக்குக் கீழே இத்தாலிச் சலவைக்கல். சுவரில் இடுப்பளவு உயரத்துக்கு ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்த பூ ஓடு. அதற்கு மேலே பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா படம், குடும்பத்துப் பெரியவர்கள் கோட்டும் தலைப்பாகையுமாக நிற்கும் புகைப்படம், பெண்டுலம் ஆடும் சுவர்க் கடிகாரம். ஜன்னலின் மேல்வளைவில் சிவப்பும் நீலமும் பச்சையுமாகக் கண்ணாடி. இதையெல்லாம் தாண்டிப் போனால் வெயில் கொட்டும் முற்றம், அதைச் சுற்றிக் கருங்கல் தூண்கள்.

எழுதிப் பார்த்தால் ஒன்றோடு ஒன்று ஒட்டாத பட்டியல். நேரில் நின்றால் ஒரு பொருள்கூடக் கண்ணை உறுத்துவதில்லை. இந்த வீடுகளைக் கட்டியவர்கள் கொத்தனாரும் தச்சரும் ஸ்தபதியும். சாமான்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் வட்டிக்கடைக் கணக்கோடு ஊர் திரும்பிய வணிகர்கள். அலங்காரத்துக்கென்று தனி ஆள் வைத்துக்கொள்ளாமல் இவ்வளவையும் எப்படி ஒரு வீடாக்கினார்கள்?

இந்தக் கேள்வியை இப்போது கேட்கவேண்டியிருக்கிறது. புதிதாகக் கட்டும் வீடுகளிலும் வாங்கும் ஃபிளாட்டுகளிலும் தரையில் வெள்ளை டைல்ஸ், சுவரில் சாம்பல் நிறம், மேலே ஃபால்ஸ் சீலிங், அதற்குள் ஒளிந்த விளக்கு என்று ஒரே கூடத்தைத்தான் ஊர் ஊராகப் பார்க்கிறோம். பாட்டி வீட்டு ஊஞ்சலும் மரப்பெட்டியும் பித்தளை அண்டாவும் ‘மேட்ச் ஆகாது’ என்று பரணுக்குப் போகின்றன, அல்லது எடைக்குப் போகின்றன. நிறத்துக்கும் பழமைக்கும் கலப்புக்கும் நாம் அஞ்சத் தொடங்கிவிட்டோம். அந்த அச்சம் துளியும் இல்லாத வீடுகள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன.

கடல் கடந்து வந்த காசு

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் 70-க்கும் மேற்பட்ட ஊர்களாகப் பரவிக் கிடக்கிறது செட்டிநாடு. மழை குறைவான, வறண்ட செம்மண் பூமி. நிலத்தை நம்பிப் பெரிதாக எதுவும் எழும்பியிருக்க முடியாது. இங்கே வாழும் வணிகச் சமூகமான நகரத்தார் கடலை நம்பினார்கள்.

1852-இல் கீழ் பர்மா ஆங்கிலேயர் வசம் போனது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி ஆற்றுப் படுகையில் விளையும் அரிசிக்கு ஐரோப்பாவரை சந்தை விரிந்தது. காட்டைத் திருத்தி வயலாக்க பர்மிய விவசாயிக்குப் பணம் வேண்டும். ஆங்கிலேய வங்கிகள் எட்டிப்பார்க்காத கிராமங்களில் பெட்டியடி போட்டு உட்கார்ந்து கடன் கொடுத்தவர்கள் நகரத்தார். 1930 வாக்கில் பர்மாவில் மட்டும் சுமார் 1,650 நகரத்தார் கடைகள் இருந்தன. இலங்கை, மலாயா, சிங்கப்பூர், சைகோன் எல்லாம் தனிக் கணக்கு. வணிகத்துக்காகக் கடல் கடப்பதைக் ‘கொண்டுவிக்கப் போவது’ என்பார்கள். ஆண்கள் கணக்குப் பிள்ளையாகவோ ஏஜெண்டாகவோ கப்பலேறி, ஏறத்தாழ மூன்று வருடம் கடை பார்த்து, கணக்கு முடித்து ஊர் வருவார்கள்.

திரும்பும்போது பணம் மட்டும் வரவில்லை. ரங்கூனிலிருந்து தேக்கு வந்தது, இலங்கையிலிருந்து முதிரை மரம் வந்தது. துறைமுகத்தில் கண்ணில் பட்ட ஐரோப்பியச் சரக்கும் கூடவே வந்தது. இன்று நாம் பார்க்கும் மாளிகைகளில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதி முதல் 1940-கள் வரை எழுந்தவை. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் கானாடுகாத்தான் அரண்மனை 1912-ஐச் சேர்ந்தது. ஒரு சமூகம் தான் போய்வந்த ஊர்களையெல்லாம் தன் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்த காலம் அது.

பாவு நேராக ஓடினால்

உலகத்துச் சரக்கெல்லாம் உள்ளே வந்தாலும், வீட்டின் அமைப்பை அது அசைக்கவில்லை. செட்டிநாட்டு வீட்டின் வெற்றி இங்கேதான் இருக்கிறது.

முகப்பும் திண்ணையும் வந்தவர்களுக்கும் வியாபாரத்துக்கும். அதைத் தாண்டி வளவு. நடுவில் திறந்த முற்றம், நாலு பக்கமும் தூண் வரிசையோடு தாழ்வாரம், அதை ஒட்டி அறைகள். மணமான ஒவ்வொரு மகனும் ஒரு ‘புள்ளி’. புள்ளிக்கு ஓர் அறை உண்டு. அறை சிறியது, பூட்டிவைக்கவும் உறங்கவும் போதும். வாழ்க்கை நடப்பது தாழ்வாரத்தில். அடுத்து இரண்டாம் கட்டு, பந்தி போடும் இடம். அதற்கும் பின்னால் அடுப்படியும் கிணறும் பெண்கள் புழங்கும் வெளியும். பெரிய வீடு ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும். தலைவாசலில் நின்றால் நிலை நிலையாகத் தாண்டிப் பார்வை பின்வாசல்வரை ஒரே கோட்டில் போகும்.

கண்டாங்கிச் சேலை நெய்கிறவர் முதலில் பாவை நேராக்கிக்கொள்வார். பாவு நேராக நின்றுவிட்டால் ஊடையில் எந்த நிறத்தை ஓட்டினாலும் சேலை சேலையாகவே வரும். இந்த வீடுகளின் அமைப்பு அந்தப் பாவு. முன்னோர்க்குப் படைப்பு எங்கே, மணவறை எங்கே, பந்தி எங்கே என்பது வீட்டுக்கு வீடு மாறாது. அந்த ஒழுங்கு கையில் இருந்ததால்தான் தூணுக்கு பர்மாவையும் தரைக்கு இத்தாலியையும் சுவருக்கு ஜப்பானையும் தயங்காமல் கூப்பிட முடிந்தது.

வெளிச்சமும் இதே ஒழுங்கில் வேலை செய்கிறது. முகப்பில் நிழல், முற்றத்தில் பளீரென வெயில், அடுத்த நடையில் மறுபடி நிழல். அடர்ந்த சிவப்பும் பச்சையும் நிழலில் கண்ணைக் குத்தாது. வெயில் படும் இடத்தில் கல்லும் வெண்சுவரும் நிற்கின்றன. எந்த நிறம் எந்த வெளிச்சத்தில் நிற்கவேண்டும் என்பதைக் கட்டியவர்கள் கண்ணாலேயே அளந்திருக்கிறார்கள்.

காலடியில் ஒரு கண்காட்சி

செட்டிநாட்டு வீட்டில் துணிச்சல் முதலில் தெரிவது தரையில். செங்காவி, கரும்பச்சை, மஞ்சள், நீலம், கறுப்பு என்று அழுத்தமான நிறங்களில் பூவும் நட்சத்திரமும் கட்டமும் விரியும். அறைக்கு அறை வடிவம் மாறும். ஆனால் ஒவ்வொரு அறையின் ஓரத்திலும் ஒரு கரை ஓடி, வடிவத்தை அணைபோட்டு நிறுத்தும். அந்தக் கரை இருப்பதால் பக்கத்து அறையின் நிறம் இந்த அறையோடு சண்டை போடுவதில்லை.

காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் இந்த ஓடு இன்றும் கையால்தான் பிறக்கிறது. ஐரோப்பாவில் சிமென்ட் ஓட்டை அழுத்து இயந்திரத்தில் வைத்துச் செய்வார்கள். ஆத்தங்குடிக்காரர்கள் அதற்குப் பதில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார்கள். சதுரமாக வெட்டிய கண்ணாடித் துண்டைத் தரையில் வைத்து, சுற்றிலும் இரும்புச் சட்டம் போடுவார்கள். அதற்குள் தகடுகளால் அறை அறையாகப் பிரித்த அச்சு இறங்கும். சிமென்ட், மணல், வண்ணப்பொடி கரைத்த குழம்பைச் சிறு கரண்டியால் மொண்டு, இந்த அறைக்குச் சிவப்பு, அந்த அறைக்கு மஞ்சள் என்று ஊற்றுவார்கள். அச்சை நேராகத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும், கலக்காது. கை நடுங்கினால் அந்த ஓடு போச்சு. அதன்மேல் உலர்ந்த சிமென்ட் மணல் கலவையைத் தூவி ஈரத்தை இழுக்கவிட்டு, பிறகு ஈரக் கலவையைப் போட்டுக் கரணையால் சமன்செய்வார்கள். இறுகியபின் தண்ணீர்த் தொட்டியில் சில நாட்கள் ஊறும். வெயிலில் காய்ந்ததும் கண்ணாடி தானாக விடுபடும். கண்ணாடியின் வழவழப்பு ஓட்டின் முகத்தில் அப்படியே தங்கிவிடும்.

சூளை இல்லை, நெருப்பு இல்லை. மணல், சிமென்ட், தண்ணீர், வெயில், பழகிய கை, இவ்வளவுதான். தரையில் பதித்தபின் உமி போட்டுத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பார்கள். நடக்க நடக்கப் பளபளப்பு கூடும். வாங்கிய அன்று மின்னிப் பிறகு மங்கும் சரக்குகளுக்கு நடுவே, வயதாக ஆக அழகு ஏறும் தரை இது. ஆத்தங்குடியில் ‘பெரிய வீடு’ எனப்படும் மாளிகையில் தரையிலிருந்து மரக்கூரைவரை நிறம் விளையாடுவதைப் பார்ப்பவர்களுக்கு, நிறம் என்றால் எதற்குப் பயப்படவேண்டும் என்ற எண்ணம் தானாக வரும்.

முட்டைப் பூச்சும் ஜப்பானியச் சாமியும்

இவ்வளவு நிறத்தைத் தாங்கிப்பிடிப்பது வெண்சுவர். செட்டிநாட்டுச் சுவரில் கன்னத்தை வைத்தால் சலவைக்கல்லோ என்று தோன்றும் குளிர்ச்சி. சுண்ணாம்பும் மணலும் கடுக்காய்ச் சாறும் கருப்பட்டியும் சேர்த்து ஊறவைத்து, அரைத்து, பூச்சின்மேல் பூச்சாக ஏற்றுவார்கள். கடைசிப் பூச்சு மெல்லிய சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்ந்தது. ஈரம் இருக்கும்போதே வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். அவசரத்துக்கு வளையாத வேலை. ஒரு சுவருக்குப் பல வாரம் பிடிக்கும். ஆனால் முடிந்தபின் வெள்ளையடிக்கவே வேண்டாம். ஈரத்துணியால் துடைத்தால் போதும். எண்பது, நூறு வருடம் கழித்தும் முகம் தெரியும் பளபளப்போடு நிற்கும் சுவர்களைப் பல ஊர்களில் காணலாம்.

அந்தச் சுவரின் கீழ்ப்பாதியில்தான் ஜப்பானிய ஓடு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பான் நாடு இங்கிலாந்து ஓடுகளைப் பார்த்துப் பழகி, புடைப்புப் பூவும் கண்ணாடிப் பூச்சும் கொண்ட ஓடுகளைத் தானே செய்து ஆசியா எங்கும் அனுப்பத் தொடங்கியது. இந்தியச் சந்தைக்கென்று இந்து தெய்வங்களின் உருவம் பொறித்த ஓடுகளும் செய்தது. அவற்றில் சில ரவிவர்மா பாணிப் படங்களை ஒட்டியவை. யோசித்துப் பாருங்கள்: திருவிதாங்கூரில் பிறந்த ஓவியர் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய லட்சுமி, 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தில் ஜெர்மன் இயந்திரத்தில் அச்சாகி வீடு வீடாகப் போகிறாள். ஜப்பானியத் தொழிலாளி அவளைப் பார்த்துக் களிமண்ணில் வடிக்கிறார். கப்பலேறி வந்து, தமிழ்க் கொத்தனார் கையால் செட்டிநாட்டுச் சுவரில் அமர்ந்து தினமும் பூவும் பொட்டும் பெறுகிறாள். இத்தனை கை மாறி வந்தவளை வீடு சொந்தமாக்கிக்கொண்டது. கும்பிட ஒரு மாடம் ஏற்கெனவே அங்கே காத்திருந்ததுதான் காரணம்.

வெளியே, முகப்பின் உச்சியில் சுதை வேலை. கஜலட்சுமிக்கு இருபுறமும் துப்பாக்கி ஏந்திய வெள்ளைக்காரச் சிப்பாய் காவல் நிற்பான். 1930-களில் உலகெங்கும் ஆர்ட் டெகோ அலை வந்தபோது, அதன் நேர்கோடுகளும் படிக்கட்டு வளைவுகளும் இந்த ஊர் முகப்புகளுக்கும் வந்து சேர்ந்தன. ஒரே தெருவில் ஒரு வீட்டில் கோபுர வாசனை, அடுத்த வீட்டில் லண்டன் வாசனை. இரண்டு வீட்டுக்குள்ளும் அதே முற்றம், அதே வளவு.

பரப்பி வைத்த செல்வம்

வீட்டை நிறைத்தது கட்டடப் பொருள் மட்டும் இல்லை. நகரத்தார் கல்யாணத்தில் சாமான் பரப்புவார்கள். பெண்ணுக்குக் கொடுக்கும் பித்தளை, வெள்ளி, எவர்சில்வர், மரச்சாமான், மாமியார் சாமான் எல்லாம் வரிசையாகப் பரப்பப்பட்டு ஊரார் பார்வைக்கு வரும். எதுவும் ஒன்றிரண்டு இருக்காது. சிறியதிலிருந்து பெரியதுவரை அளவு வரிசையில் டஜன் கணக்கில் இருக்கும். உள்ளூர் கன்னார் அடித்த பித்தளை அண்டாவுக்குப் பக்கத்தில் சுவீடனின் காக்கம்ஸ் நிறுவனத்துப் பீங்கான் பூச்சுத் தூக்கு, பர்மாவின் அரக்குப் பெட்டி, பனையோலையில் நிறம் நிறமாய்ப் பின்னிய கொட்டான்.

இங்கே இன்னொரு பாடம் இருக்கிறது. ஒரு நீலத் தூக்குச் சட்டி தனியாக நின்றால் அது பழைய பாத்திரம். ஒரே குடும்பத்துப் பன்னிரண்டு தூக்குகள் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கில் நின்றால் அது ஒரு சுவரையே ஆளும். எங்கிருந்து வந்த பொருளாக இருந்தாலும் வரிசையில் வைத்தால் அழகு வரும் என்பதை இந்த வீட்டுப் பெண்கள் சொல்லாமல் செய்து காட்டினார்கள். கொட்டான் பின்னல் ஒரு கட்டத்தில் மறையும் நிலைக்குப் போய், விசாலாட்சி ராமசாமியின் முயற்சியில் எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளை பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து மீட்டது. இன்று அது புவிசார் குறியீடு பெற்ற பொருள்.

அழகின் கணக்கு

இந்த அழகைப் போற்றும்போது அதன் கணக்கையும் சேர்த்துப் படிக்கவேண்டும். 1930-இல் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. கடனைத் திருப்ப முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் அடமானத்தில் மூழ்கியது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் நகரத்தார் கையில் 1930-இல் 6 சதவீதமாக இருந்த நிலம், 1937-38 வாக்கில் 25 சதவீதமானது. கடன் கொடுத்தவர்கள் கேட்டது பணம், கிடைத்தது விற்க முடியாத நிலம். நிலம் இழந்தவர்களுக்கோ அது வாழ்வின் அடிவேர். இரண்டு பக்கமும் காயப்பட்ட கதை அது. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்தபோது ஆயிரக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் கடந்து நடந்தே வந்தார்கள். விடுதலைக்குப் பின் பர்மா அரசு நிலங்களை நாட்டுடைமையாக்கியது. வரவு நின்றது. புதிய மாளிகைகள் எழுவதும் நின்றது.

தேக்குத் தூணில் கை வைக்கும்போது, ஐராவதிக் கரைக் காடும் அங்கே ஏர் பிடித்தவரின் உழைப்பும் அதில் இருக்கின்றன என்ற நினைவு நமக்கு வேண்டும். அந்த நினைவு அழகைக் குறைப்பதில்லை. அதைப் பாழாக விடக்கூடாது என்ற பொறுப்பைத்தான் கூட்டுகிறது.

தூண் தனியாகப் போகும்போது

பொறுப்பு என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதுகிறேன். ஒரு தாத்தா கட்டிய வீட்டுக்கு இன்று பேரனும் கொள்ளுப்பேரனுமாகப் பல பங்காளிகள். சிலர் சென்னையில், சிலர் சிங்கப்பூரில், சிலர் அமெரிக்காவில். ஆளுக்கு ஓர் அறைச் சாவி. கூரை ஓடு மாற்ற யார் பணம் போடுவது என்று முடிவாவதற்குள் மழை முந்திக்கொள்கிறது. மேல்மர விட்டத்தில் ஒருமுறை நீர் இறங்கிவிட்டால் பிறகு கரையான் பார்த்துக்கொள்ளும். கடைசியில் வீட்டைப் பிரித்து விற்பதுதான் எளிதாகத் தெரிகிறது. நிலைக்கு ஒரு விலை, தூணுக்கு ஒரு விலை, ஓட்டுக்கு ஒரு விலை.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாக இருக்கும் பழைய சாமான் கடைகளுக்குள் நுழைந்தால் நேரம் போவது தெரியாது. தூக்குச் சட்டி, ஊஞ்சல் பலகை, கண்ணாடிச் சட்டம், வெற்றிலைப் பெட்டி, கடிகாரம், கல்யாண ஜமக்காளம். இந்தக் கடைகளை நான் குறைசொல்ல மாட்டேன். எடைக்குப் போயிருக்கவேண்டிய ஆயிரக்கணக்கான பொருள்கள் இங்கே காப்பாற்றப்பட்டிருக்கின்றன. ஆனால் வாங்கும் நாம் ஒரு வேறுபாட்டைப் பார்க்கவேண்டும். வீட்டில் பயன்படாமல் போன பாத்திரத்தை வாங்குவது ஒன்று. நம் வரவேற்பறைக்கு அழகு என்பதற்காக நிற்கும் வீட்டின் தூணைக் கேட்பது வேறு. கேட்பவர் பெருகினால் பிரிக்கப்படும் வீடும் பெருகும்.

பிரிந்துபோன பொருளை மரியாதையோடு வைப்பது எப்படி என்பதற்குக் கொழும்பில் ஓர் உதாரணம் உண்டு. இலங்கையின் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா (1919-2003), 33-ஆம் சந்தில் ஒரு சிறு வீட்டில் 1950-களின் இறுதியில் குடிவந்து, பக்கத்து வீடுகளையும் ஒவ்வொன்றாக வாங்கி, நான்கையும் ஒன்றாக்கினார். அந்த வீட்டின் வெண்சுவர்களுக்கு நடுவே, சிறு நீர்த்தொட்டி அருகே, செட்டிநாட்டுத் தூண்கள் நிற்கின்றன. சுற்றிலும் வேறு கூச்சல் இல்லை. மேலே திறந்த வானம். தூணுக்குரிய வெளிச்சத்தையும் வெளியையும் பாவா திருப்பிக் கொடுத்திருக்கிறார். சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீடே பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தப்பட்டிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

இவற்றைவிடச் சிறந்தது, வீடு இருந்த இடத்திலேயே வாழ்வது. கானாடுகாத்தானிலும் கடியாபட்டியிலும் சில மாளிகைகள் தங்கும் விடுதிகளாகப் புது உயிர் பெற்றிருக்கின்றன. காரைக்குடியில் ‘தி பங்களா’ விடுதியில் மீனாட்சி மெய்யப்பன் செட்டிநாட்டு விருந்தோடு விருந்தினரை வரவேற்று வழிகாட்டினார். கொத்தமங்கலத்தில் சாரதா விலாஸ் என்ற பழைய வீட்டை இரு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் மீட்டு விடுதியாக்கினார்கள். 2014-இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. பட்டியல் கூரை ஒழுகலை நிறுத்தாது. ஆனாலும் இந்த வீடுகள் குடும்பச் சொத்து என்பதைத் தாண்டிப் பொதுச் செல்வம் என்று ஒப்புக்கொண்டது பெரிய விஷயம்.

நம் வீட்டுக்கு எதை எடுத்துக்கொள்ளலாம்?

900 சதுரடி ஃபிளாட்டில் முற்றம் வைக்க முடியாது. ஆனால் அந்த வீடுகளின் அறிவை எடுத்துவர முடியும்.

முதலில் ஒழுங்கு. சாமான் வாங்குவதற்கு முன் வீட்டில் யார் எங்கே உட்காருவார்கள், எங்கே சாப்பிடுவார்கள், விளக்கு எங்கே ஏற்றுவார்கள் என்பதை முடிவு செய்யுங்கள். நடக்கும் வழி தெளிவாக இருக்கட்டும். வாசலில் நின்றால் பார்வை போய்ச்சேர ஒரு ஜன்னலாவது எதிரே திறந்திருக்கட்டும். இது சரியாக இருந்தால் ஊஞ்சலும் சோபாவும் தகராறு இல்லாமல் ஒரே அறையில் இருக்கும்.

இரண்டாவது, துணிச்சலை ஓரிடத்தில் கொட்டுங்கள். தரை நிறமயமாக இருந்தால் சுவர் வெள்ளையாக இருக்கட்டும். சுவர் கரும்பச்சையாக வேண்டுமா, தரை அடங்கட்டும். நிறங்களையும் மூன்று நான்கு என்று எண்ணித் தேர்ந்து, அவற்றையே அறைதோறும் வெவ்வேறு அளவில் திருப்பிக் கொண்டுவாருங்கள். செங்காவி தரையில் வந்தால் ஜன்னல் விளிம்பிலும் மெத்தை உறையிலும் மீண்டும் தலைகாட்டட்டும். கலந்த பொருள்களை ஒரு வீடாகத் தைக்கும் நூல் அதுதான்.

மூன்றாவது, பழைய பொருளுக்கு வேலை கொடுங்கள். மரப்பெட்டியில் போர்வை வையுங்கள், அண்டாவில் செடி வையுங்கள், கணக்குப்பிள்ளை மேசைப்பெட்டியில் பிள்ளைகள் எழுதட்டும். பார்க்க மட்டும் வைத்த பழம்பொருள் சீக்கிரம் தூசிக்குச் சொந்தமாகிவிடும். உங்கள் வீட்டுப் பரணிலேயே தேடத் தொடங்குங்கள். கடையில் கிடைக்கும் பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும், அதில் உங்கள் அப்பத்தாவின் சேலை இருந்திருக்காது.

நான்காவது, ஆத்தங்குடி ஓடு போடுகிறவர்களுக்குச் சில குறிப்புகள். சாதாரண டைல்ஸைவிடத் தடிமன் அதிகம். ஆகவே கதவு அடியையும் தரை மட்டத்தையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். பதித்துப் பழகிய ஆளை அழைத்தால் நல்லது. ஓட்டுக்கு ஓடு நிறத்தில் சிறு வேறுபாடு இருக்கும். கையால் ஊற்றியதன் அடையாளம் அது, குறையில்லை. ஆசிட் ஊற்றிக் கழுவவே கூடாது, சிமென்ட் முகம் அரித்துவிடும். தண்ணீர் விட்டுத் துடையுங்கள். அவ்வப்போது சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும்.

சுண்ணாம்புச் சுவருள்ள பழைய வீடு உங்களுடையதாக இருந்தால், அதன்மேல் சிமென்ட் பூச்சும் பிளாஸ்டிக் பெயின்ட்டும் ஏற்றிவிடாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும் இயல்புடையது. அடைத்துவிட்டால் ஈரம் உள்ளேயே தங்கி, பொருக்குப் பொருக்காகப் பூச்சு கழன்று விழும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான் மருந்து.

கை இருக்கும்வரை

பழையதை நேசிப்பது என்றால் பழைய பொருளைச் சேர்ப்பது என்று நினைத்துக்கொள்கிறோம். சேர்ப்பதற்கு ஓர் எல்லை உண்டு. இருக்கும் மாளிகைகள் இவ்வளவுதான், தூண்கள் இவ்வளவுதான். எல்லையில்லாமல் பெருகக்கூடியது அவற்றைச் செய்த கை மட்டும்தான். ஆத்தங்குடியில் கண்ணாடிமேல் வண்ணம் ஊற்றுகிறவர், சுண்ணாம்பு அரைத்து மெருகேற்றத் தெரிந்த கொத்தனார், நிலைக்கு யாளி செதுக்கும் ஆசாரி, கொட்டான் பின்னும் பெண், கண்டாங்கி நெய்கிறவர் எல்லோரும் இன்றும் நம்மோடு வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். இவர்களுக்கு ஆர்டர் வந்தால் பிள்ளைகளும் தொழிலில் நிற்பார்கள். வராவிட்டால் அடுத்த தலைமுறை வேறு வேலைக்குப் போய்விடும். அதன்பின் எவ்வளவு பணம் கொடுத்தாலும் அந்த வழவழப்பு கிடைக்காது.

நூறு வருடத்துக்கு முன் ஒரு வறண்ட பூமியில் வீடு கட்டியவர்கள் தங்கள் காலத்துப் புதுமையை அஞ்சாமல் உள்ளே விட்டார்கள். ஜப்பானிய ஓடு அன்றைக்குப் புதுச் சரக்கு. ஆர்ட் டெகோ அன்றைக்கு வந்த மோஸ்தர். நாம் பழமை என்று கும்பிடுவது, அவர்கள் புதுமை என்று கொண்டாடியது. அவர்களைப் போற்றுவதென்றால் அவர்களுடைய வீட்டை நகலெடுப்பது போதாது. நம் வாழ்க்கைக்கு ஓர் ஒழுங்கை நாமே வகுத்துக்கொண்டு, பிடித்த நிறத்தைப் பிடித்த அளவுக்குப் பூசி, பாட்டியின் பெட்டிக்கும் பேத்தியின் கணினிக்கும் பக்கத்தில் பக்கத்தில் இடம் கொடுக்கும் தெளிவு வேண்டும். அடுத்த முறை தரைக்கு என்ன போடலாம் என்று வீட்டில் பேச்சு வரும்போது, கடைக்காரர் நீட்டும் வெள்ளை டைல்ஸ் புத்தகத்தை மூடிவையுங்கள். குடும்பத்தோடு ஆத்தங்குடிக்கு ஒரு நடை போங்கள். ஓடு ஊற்றுகிறவரோடு உட்கார்ந்து, உங்கள் வீட்டுக்கான நிறத்தை நீங்களே சொல்லுங்கள்.